மின்னஞ்சலில் எழுத்து உடைந்த வரலாறு

இந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களில் சிலருக்கு இது விடியற்காலை, சிலருக்கு நடுச்சாமம். நான் மன்னாரில் பிறந்தவள். தாதிப் பயிற்சியில் பட்டயம் பெற்று, இப்போது நோர்வேயில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். கொஞ்சம் கதை எழுதுவேன். கணினித் துறைக்கும் எனக்கும் தொழில் முறையில் சம்பந்தம் இல்லை. ஆனால் மின்னஞ்சலில் தமிழ் எப்படியெல்லாம் உடைந்தது, பிறகு எப்படி ஒட்டியது என்ற கதையைத் தேடிப் படிக்க எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. அதை நடுவில் சொல்கிறேன்.

உங்களில் பலர் இதைக் கண்டிருப்பீர்கள். ஒருவர் தமிழில் கடிதம் அனுப்புகிறார். திறந்து பார்த்தால் தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ஒரு ‘ஆர்’, அடுத்து ஒரு கரும்புள்ளி. திரும்பவும் அதே ‘ஏ’, அதே வட்டம், இப்போது முக்கால் என்ற பின்னக் குறி. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் ‘பூச்சி எழுத்து’. யப்பானியர் இதை ‘மொஜிபாகே’ என்பார்கள், எழுத்து உருமாறிப் போனது என்று பொருள். ஜெர்மானியருக்கு இது ‘எழுத்துச் சாலட்’. இத்தனை மொழியில் பெயர் இருப்பதிலிருந்தே இது நமக்கு மட்டும் வந்த வருத்தம் இல்லை என்று தெரிகிறது.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1960களில் வந்த ஆஸ்கி என்ற குறியீட்டில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண்கள், நிறுத்தக் குறிகள், இயந்திரத்துக்கான சில கட்டளைகள், அவ்வளவுதான். 128க்கு ஏழு பிட் போதும். எட்டாவது பிட் பெரும்பாலும் பிழை சரிபார்க்கப் பயன்பட்டது. 1971இல் ரே டாம்லின்சன் வலையமைப்பு வழியாக முதல் மின்னஞ்சலை அனுப்பியபோதும், 1982இல் ஜான் போஸ்டலும் டேவிட் கிராக்கரும் அஞ்சலுக்கான விதிகளை எழுதி வைத்தபோதும் இந்த ஏழு பிட்தான் அடிப்படை. எட்டாவது பிட் சுழியமாக இருக்க வேண்டும் என்பது விதி. வழியில் இருந்த சில கணினிகள் அந்த விதியை அப்படியே பிடித்துக்கொண்டு, எட்டாவது பிட்டில் எது வந்தாலும் வெட்டி எறிந்தன. அந்த மனிதர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பக்கத்து அறையில் இருக்கிற சக ஆய்வாளருக்குக் குறிப்பு அனுப்பச் செய்த ஏற்பாடு அது. அதில் ஒருநாள் வெள்ளவத்தையிலிருந்து ஒருவர் தமிழில் அழுவார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

128 இடத்துக்குள் மற்ற நாட்டுக்காரர் என்ன செய்தார்கள்? நான் இருக்கிற நோர்வேயையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மொழியில் ஆங்கிலத்தில் இல்லாத மூன்று எழுத்துகள் உண்டு. அவற்றுக்கு இடம் வேண்டும் என்று, ஆங்கிலத்தில் அதிகம் புழங்காத சதுர அடைப்பையும் நெளி அடைப்பையும் அவற்றின் நடுவில் உள்ள கோடுகளையும் எடுத்து அந்த இடத்தில் தங்கள் எழுத்துகளை வைத்தார்கள். அமெரிக்கத் திரையில் அந்தக் கடிதத்தைத் திறந்தால் சொல்லுக்கு நடுவில் நெளி அடைப்பு நிற்கும். எங்கள் இல்லத்தில் இருந்த ஒரு முதியவர், அந்தக் காலத்தில் அலுவலகக் கணினியில் வேலை பார்த்தவர், நெளி அடைப்பு போட்டு எழுதிய நோர்வேச் சொற்களைத் தடையில்லாமல் வாசிப்பார். கண் பழகிவிட்டது என்றார்.

ரஷ்யர்கள் செய்தது இன்னும் சுவாரசியம். அவர்களுடைய கொய்-8 குறியீட்டில் எழுத்துகள் ரஷ்ய அகர வரிசையில் இல்லை. ஒவ்வொரு ரஷ்ய எழுத்தும், எட்டாவது பிட்டை வெட்டினால் ஒலியில் அதற்கு நெருங்கிய ஆங்கில எழுத்தாக விழும்படி அடுக்கியிருக்கிறார்கள். அஞ்சல் வழியில் எந்தக் கணினி வெட்டினாலும், கிடைப்பது ஆங்கில எழுத்தில் எழுதிய ரஷ்யன். பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் மட்டும் இடம் மாறியிருக்கும். விழுந்தாலும் எலும்பு முறியாத மாதிரி விழுவதற்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவளுக்கு இது பிடிக்காமல் போகுமா?

மாற்றம் 1992இல் வந்தது. நத்தானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் ‘மைம்’ என்ற விதியை எழுதினார்கள். போரன்ஸ்டைன் ஒரு நால்வர் பாட்டுக் குழுவில் பாடியவர். அந்த ஆண்டு மார்ச் மாதம் அவர் புது முறையில் அனுப்பிய அஞ்சலில் இணைப்பாகப் போனவை தன் குழுவின் படமும் பாட்டும். உலகம் மைமைப் படத்துக்காகவும் பாட்டுக்காகவும் நினைவு வைத்திருக்கிறது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொரு சின்ன வரி. கடிதத்தின் தலைப்பகுதியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ‘இந்தக் கடிதம் இன்ன எழுத்துக் குறியீட்டில் உள்ளது’ என்று ஒரு அறிவிப்பு. வாசிக்கிற செயலி அதைப் பார்த்து அதற்கேற்ற எழுத்தைக் காட்டும்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தவுடன் குழாயில் நோயாளியின் பெயர் ஒட்ட வேண்டும். ஒட்டாத குழாய் ஆய்வுகூடத்துக்குப் போனால் கொட்டிவிடுவார்கள். உள்ளே இருப்பது நல்ல இரத்தம்தான், ஆனால் யாருடையது என்று சொல்ல முடியாது. அஞ்சலில் இருக்கும் எண்களும் அப்படித்தான். 190 என்ற எண் மேற்கு ஐரோப்பியக் குறியீட்டில் முக்கால் பின்னம், தமிழுக்காக வந்த ஒரு குறியீட்டில் ‘த’. ஒட்டிய சீட்டு இல்லையென்றால் செயலி ஊகிக்கும். ஊகம் பெரும்பாலும் மேற்கு ஐரோப்பா பக்கமே சாயும்.

மைம் இன்னொரு காரியமும் செய்தது. ஏழு பிட் மட்டும் தெரிந்த பாதையில் எட்டு பிட்டைக் கடத்த இரண்டு பொதிமுறை தந்தது. ‘அம்மா’ என்ற சொல்லை எடுப்போம். இன்றைய யுடிஎஃப்-8 முறையில் அதில் ஐந்து குறிகள்: அ, ம, புள்ளி, மறுபடி ம, பிறகு கால். ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆக 15 பைட். பேஸ்64 என்ற முறையில் கட்டினால் மூன்று பைட் நான்கு ஆங்கில எழுத்தாகும், எனவே 20 எழுத்து. மற்ற முறையில் ஒவ்வொரு பைட்டும் சமக்குறியோடு மூன்று எழுத்தாகும், எனவே 45. கடிதப் பொருள் வரிக்குத் தனி விதி: ஒரு பொதி 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. முன்னும் பின்னும் ஒட்டும் அறிவிப்பைக் கழித்தால், பேஸ்64இல் ஒரு பொதிக்குள் அதிகபட்சம் பதினைந்து தமிழ்க் குறிகள்தான் அடங்கும். அதனால்தான் நம் தமிழ்த் தலைப்புகள் உள்ளுக்குள் துண்டு துண்டாகப் பயணம் செய்கின்றன. ஒழுங்கில்லாத செயலி ஒரு எழுத்தின் மூன்று பைட்டுக்கு நடுவில் வெட்டினால், அந்த இடத்தில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி முளைக்கும்.

இனி தமிழ். ஆரம்பத்தில் இணையத்தில் தமிழ் ஆங்கில எழுத்தில்தான் எழுதப்பட்டது. பி, ஏ, எல் என்று மூன்றெழுத்து வந்தால் அது பல்லா, பாலா? ழவுக்கு இசட், ளவுக்குப் பெரிய எல், ணவுக்குப் பெரிய என் என்று வகுத்த ‘மதுரை’ முறை அந்தக் குழப்பத்தைக் குறைத்தது. ஓலைச் சுவடியில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்டுவிட்டு எழுதிய காலத்தில், எ-வா ஏ-யா என்று நம் முன்னோரும் இடம் பார்த்துத்தான் ஊகித்தார்கள். வீரமாமுனிவர் அந்த நெடிலுக்குத் தனி வடிவம் தந்து ஊகத்தை முடித்துவைத்தார். எழுத்தை அனுப்புகிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் இடையில் உடன்பாடு வேண்டும் என்ற தொல்லை கணினியோடு பிறந்ததில்லை.

1990களில் வந்த தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு வழியில் போயின. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வு செய்த கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ செய்தார். பெயரிலேயே அஞ்சல் இருக்கிறது பாருங்கள். சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி ‘கணியன்’ செய்தார். சிட்னியிலிருந்து பாலா பிள்ளை தமிழ்.நெட் என்ற மடற்குழுவை நடத்தினார். இவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டுக்கும் ஈழத்துக்கும் வெளியே இருந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். ஊரில் இருப்பவனுக்குத் தமிழில் அஞ்சல் எழுதுவது ஒரு வசதி. தூரத்தில் இருப்பவனுக்கு அது பசி. என் சொந்த அபிப்பிராயம் இது, வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

ஒவ்வொரு எழுத்துருவிலும் ஒரே எழுத்து வேறு வேறு எண்ணில் இருந்தது. எழுதுகிறவரிடம் உள்ள எழுத்துரு வாசிக்கிறவரிடமும் இருந்தால்தான் கடிதம். 1997 மே மாதம் சிங்கப்பூரில் நடந்த தமிழ்நெட்’97 மாநாட்டில் இதைப் பொதுவில் பேசினார்கள். அந்தக் காலத்திலேயே மின்மடல் வழியாக விவாதித்து ‘திஸ்கி’ என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். தமிழுக்கு வீடு கட்டும் விவாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது, ஏனென்றால் வீடு இன்னும் கட்டி முடியவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழைய நூல்களைத் தட்டச்சு செய்து சேர்த்தது, கொஞ்ச நாளில் திஸ்கிக்கு வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னை மாநாட்டில் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்று வேறு இரண்டை அறிவித்தது. பத்திரிகைகள் தத்தம் எழுத்துருவை விடவில்லை. ஒன்றாகச் சேரப் போன இடத்திலும் நமக்கு மூன்று வழி.

திஸ்கியில் முதல் 128 இடம் ஆங்கிலத்துக்கு, மேல் 128 தமிழுக்கு. தமிழ் என்ற சொல்லைத் திஸ்கியில் எழுதி, எழுத்துரு இல்லாதவர் திறந்தால் முக்கால் பின்னம், கோடு ஏறிய பெரிய ‘ஏ’, சென்ட் காசுக் குறி, கோடு ஏறிய ‘யு’ என்று வரும். எட்டாவது பிட்டை வழியில் யாராவது வெட்டியிருந்தால் கடைசி எழுத்து ழ் இருந்த இடத்தில் ஆங்கில இசட் வந்து நிற்கும். ழவுக்கு இசட் போட்டு எழுதிப் பழகியவர்களுக்கு அது தற்செயல் என்று நம்பவே கஷ்டமாக இருக்கும்.

திஸ்கியில் அ, ஆ, இ வரிசையாக 171, 172, 173 என்ற இடங்களில் இருந்தன. 173 மேற்கு ஐரோப்பியக் குறியீட்டில் ‘மென் இணைப்புக் கோடு’. வரி முடிவில் சொல்லை உடைக்க நேர்ந்தால் மட்டும் தெரிய வேண்டிய கோடு, மற்ற நேரம் மறைந்திருக்கும். எனவே சில செயலிகள் இ-யை விழுங்கின. ‘இந்த’ என்று எழுதினால் ‘ந்த’. பிறகு 254 என்ற இடத்தில் இன்னொரு இ வைத்தார்கள். ஐரோப்பியக் குறியீட்டில் அந்த இடம் ஐஸ்லாந்து மொழியின் ‘தோர்ன்’ என்ற பழைய எழுத்துக்கு உரியது. அந்த நாட்களில் உடைந்து வந்த தமிழ்க் கடிதங்களில் ஐஸ்லாந்து எழுத்து அடிக்கடி எட்டிப் பார்க்கும். இப்போதும் பழைய கோப்பைத் திறந்து அந்த எழுத்தைக் கண்டால், ஓ, திஸ்கி என்று எனக்குப் புரிந்துவிடும்.

பெரிய குறை வேறு. தலைப்பில் ‘இது திஸ்கி’ என்று அறிவிக்க உலகப் பட்டியலில் அந்தப் பெயர் பதிவாகியிருக்கவில்லை. எனவே ஒவ்வொரு கடிதத்துக்கும் பார்வைப் பட்டியலைத் திறந்து, குறியீட்டுக்குப் போய், ‘யூசர் டிஃபைன்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பதிவு 2007இல் கிடைத்தது. அதற்குள் ஆட்கள் வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள்.

இனி என் காரணம். 2003இலிருந்து சில வருடங்கள், கொழும்பில் வெள்ளவத்தையில் இருந்த என் சித்தப்பா ஒரு கொமினிகேஷன் கடையிலிருந்து எனக்குத் திஸ்கியில் அஞ்சல் எழுதினார். போர் நிறுத்தக் காலம். அவர் மன்னார்க் கதைகளை எழுதுவார். 1990இல் எங்கள் குடும்பம் மடுக்கோயில் வளவில் தங்கியிருந்ததும், அங்கே அப்பம்மா செத்ததும் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவு. அதை முழுவதும் எழுதச் சொல்லிக் கேட்டேன். எழுதினார். அந்த ஒரு கடிதத்தை மட்டும் அவர் தன் பழைய கணக்கிலிருந்து ஒரு இலவச அஞ்சல் சேவைக்கு மாற்றி, அங்கிருந்து அனுப்பினார். வந்தது மூன்று பக்கம் கேள்விக்குறி.

பூச்சி எழுத்துக்கும் கேள்விக்குறிக்கும் உள்ள வித்தியாசத்தை அன்றைக்கு நான் அறியவில்லை, பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பூச்சி எழுத்தில் எண்கள் அப்படியே இருக்கின்றன, தவறான கண்ணாடி போட்டுப் பார்க்கிறோம். கண்ணாடியை மாற்றினால் கடிதம் திரும்பும். மற்ற கடிதங்களை ஜெர்மனியில் இருந்த சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றியில் போட்டு ஒவ்வொன்றாக மீட்டேன். கேள்விக்குறி அப்படியில்லை. நடுவில் ஒரு கணினி, தனக்குத் தெரிந்த குறியீட்டில் இந்த எழுத்துக்கு இடமில்லை என்று முடிவு செய்து, ஒவ்வொரு எழுத்தையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் உண்மையாகவே ஒரு கேள்விக்குறியை எழுதிவிடுகிறது. அதற்குப் பிறகு உள்ளே தேட ஒன்றுமில்லை.

ஆனால் இடைவெளியும் பத்திகளும் எண்களும் ஆஸ்கிக்குள் அடங்கியவை, அவை தப்பிக்கும். சித்தப்பாவின் கடிதத்தில் பதினொரு பத்தி. இரண்டாவது பத்தியில் 1990 தெரிகிறது. ஆறாவதில் ஒரு 3, ஒரு 17. எட்டாவது பத்தி ஒரே வரி. பதினேழு பேரா, பதினேழாம் தேதியா, பதினேழு நாளா தெரியாது. திரும்ப எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். எழுதுகிறேன் பிள்ளை என்றார். 2008இல் மோசம் போனார்.

அந்த வருடங்களில் ஒருங்குறி மெல்ல வந்துகொண்டிருந்தது. 1991இல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது, இந்தியாவின் இஸ்கி அடுக்கைப் பின்பற்றி. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில், கென் தாம்ப்சன் மேசைத் தாளில் ராப் பைக்குடன் சேர்ந்து யுடிஎஃப்-8 முறையை வரைந்தார். அதன் பெரிய குணம், பழைய ஆஸ்கி கடிதம் ஒரு பைட்டும் மாறாமல் அப்படியே செல்லும் என்பது. பழையவர்களைத் தொந்தரவு செய்யாமல் புதியவர்களுக்கு இடம் கொடுத்ததால்தான் அது பரவியது. தமிழுக்கு எழுத்துக்கு மூன்று பைட் ஆகிறதே என்று நம்மில் சிலருக்கு அப்போது வருத்தம். இன்று அந்த வருத்தத்தை யாரும் கேட்பதில்லை.

இடம் இருந்தும் பத்து வருடம் ஏன் தாமதம்? திஸ்கியில் ‘கொ’ எழுதக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால் என்று வைப்பார்கள். எந்தப் பழைய செயலியும் அதை வரிசையாகக் காட்டிவிடும். ஒருங்குறியில் முதலில் க, பிறகு ஒகரக் குறி. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது கணினியின் வேலை. அந்த வேலை தெரியாத கணினியில் கொம்பு பின்னால் வந்து நிற்கும், அல்லது புள்ளி வட்டம் தோன்றும். விண்டோஸ் 2000, லதா எழுத்துருவோடு வந்தபோதுதான் சாதாரண மேசைக் கணினி இதைக் கற்றது. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்கள் காத்திருந்தார்கள். அந்த இடைக்காலத்தில் ஒருங்குறிக்கு இலவசமாக எழுத்துருவும் எழுதியும் செய்து கொடுத்தவர்களில் அதிராம்பட்டினத்து உமர்தம்பியைச் சொல்லாமல் போகக் கூடாது. தேனீ எழுத்துரு அவருடையது. 2006இல் காலமானார்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். மறதி நோய் வந்த முதியவர்களுக்கு இரண்டாவதாகக் கற்ற மொழி முதலில் போகும் என்பதை எங்கள் வேலையில் அடிக்கடி பார்க்கிறோம். தமிழ் முதியவர்கள் நோர்வேஜியனை விட்டுவிட்டுத் தமிழுக்குத் திரும்பிவிடுவார்கள். ‘வலிக்குது’, ‘குளிருது’, ‘தண்ணி’ என்று இருபது சொற்களைத் தமிழிலும் நோர்வேஜியனிலும் எழுதி, கட்டிலருகே ஒட்டச் சொல்லி வீட்டிலிருந்து வேலை இடத்துக்கு அஞ்சல் செய்தேன். முதல் முறை தமிழ்ப் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக அச்சாகி வந்தது. நோயாளியின் மகள் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, ‘அக்கா, இதில அம்மாவுக்கு என்ன எழுதியிருக்கு?’ என்று கேட்டாள். கட்டம் வந்தால் பயப்படத் தேவையில்லை. எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது, காட்ட எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். எழுத்துருவை உள்ளே பதித்த கோப்பாக அனுப்பினேன், சரியாக வந்தது.

2012இல் அஞ்சல் முகவரியையே ஆங்கிலம் அல்லாத எழுத்தில் வைத்துக்கொள்ள விதி வந்தது. 2014இல் ஜிமெயில் அத்தகைய முகவரிகளோடு அஞ்சல் பரிமாறத் தொடங்கியது. ஆனாலும் இணையப் படிவங்கள் பலவற்றில் தமிழ் முகவரியை இட்டால் ‘செல்லாது’ என்று சிவப்பில் வரும்.

உங்களிடம் 1997க்கும் 2005க்கும் இடைப்பட்ட தமிழ் அஞ்சல்கள் இருந்தால், ஒரு தாதியின் வேண்டுகோள். அவற்றை இன்னொரு கணக்குக்கு ‘ஃபார்வர்ட்’ செய்யாதீர்கள், வெட்டி ஒட்டாதீர்கள். மூலக் கோப்பாக அப்படியே இறக்கி வையுங்கள். பிறகு மாற்றியில் அதன் நகலை மட்டும் போடுங்கள். முக்கால் பின்னமும் ஐஸ்லாந்து எழுத்தும் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், அது மீளும். கேள்விக்குறி தெரிந்தால், அதை முதலில் அனுப்பியவரின் ‘அனுப்பியவை’ பெட்டியில் மூலம் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள், அவர் இருக்கும்போதே.

கேள்விகள் இருந்தால் எழுதுங்கள், வாசிக்கிறேன்.